ஒயின் தோட்டத்துக்குக் குறைந்தது இருவர்

யாங்கோனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் ஒயின் தோட்டங்கள் இருக்கின்றன என்று விளம்பரம் செய்வதற்குத் துணிவு வேண்டும். அதை நம்பி மழைக்காலத்தில் காரில் ஏறுவதற்கு அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். எனக்கு அது எழுபத்தொரு வயதில் வந்தது. என் மனைவிக்கு அது நெடுங்காலமாகவே இருந்தது.

விளம்பரத்தை முதலில் காட்டியவள் அவள்தான். தனிப் பயணம், காலையில் வீட்டு வாசலில் கார், மூன்று ஒயின் தோட்டங்கள், மதிய உணவு, இருட்டுவதற்குள் வீடு, குறைந்தது இருவர் என்று அவளுடைய கைபேசியில் அது மின்னியது. நாங்கள் சரியாக இருவர். ஆகவே தகுதியில் குறை இல்லை. குறை என் விருப்பத்தில் இருந்தது. மூன்று ஆண்டுகளில் மூன்று முறை அவள் கேட்டாள். நான் மறுக்கவில்லை, மறுப்பது பண்பற்ற செயல் என்று கருதுபவன் நான். நகைச்சுவை செய்தேன். பழத்தைத் தண்ணீரில் போட்டு அழுகவிட்டு வேடிக்கை பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, அது நம் சமையலறையிலேயே இலவசமாக நடந்துகொண்டிருக்கும் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே சிரித்தாள். அதை அப்போது என் நகைச்சுவையின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். சர்க்கரை எவ்வாறு சாராயமாகிறது, காற்றுப் பட்டால் அது எவ்வாறு காடியாகிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டி, மாணவர்களின் கொட்டாவியையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தவன். குடிப்பதில்லை. ஒழுக்கம் காரணமல்ல, சுவை பிடிக்கவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத உறவினர்கள் என்னை உத்தமன் என்று சொல்லி வந்தார்கள். நானும் திருத்தவில்லை.

என் மனைவி அப்படியல்ல. ரயில்வேயில் வேலை பார்த்த தமிழருக்கும் ஒரு பர்மியப் பெண்ணுக்கும் பிறந்தவள். எங்கள் பசுந்தாங் பகுதி வீட்டில் முருகனுக்கும் புத்தருக்கும் ஒரே தீப்பெட்டியால் விளக்கேற்றியவள். சனிக்கிழமை மாலைகளில் வறுத்த அவரைப் பருப்பு ஒரு கிண்ணம், சிவப்பு ஒயின் ஒரு சிறு கோப்பை என்று சன்னலோரம் உட்கார்வாள். இருமல் மருந்தைவிடச் சற்று அதிகம், தேநீரைவிட மிகக் குறைவு. எப்போதும் ஒரே விதமான புட்டி. லேபிளில் சிவப்புப் பறவை. ஆண்டுக்கணக்காக அதே பறவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைத் திரும்பிப் பார்த்தது குறைவு.

சென்ற ஆவணியில் அவள் இறந்தாள். ஒன்பது நாள் காய்ச்சல். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இந்த ஆண்டு முதல் திதி வந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளை நானே கணித்தேன். கணக்கில் பிழை இல்லை என்று பெருமையும் பட்டேன். எங்கள் குடும்பத்தில் திதியன்று இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் படைப்பது வழக்கம். என் அக்கா எதிர் வீதியில் வசிக்கிறாள். குடும்பத்தின் ஒழுங்குத்துறை முழுவதும் அவள் பொறுப்பு. அவளுடைய கணவருக்கு ஆண்டுதோறும் சிறு புட்டி பிராந்தியும் ஒரு சுருட்டும் இலையோரம் தவறாமல் வைக்கப்படும். உயிரோடிருந்தபோது மருத்துவர் தடுத்த இரண்டையும் அவர் இப்போது யாருடைய அனுமதியும் இன்றி அனுபவிக்கிறார். பெண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இறந்த மறுகணமே அவர்கள் எல்லாருக்கும் கேசரி பிடித்துப்போகிறது.

என் மனைவிக்குக் கேசரி பிடிக்காது. அவளுக்குப் பிடித்த ஒயினை ஒரு கோப்பை இலையில் வைக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். என் வாழ்நாளில் நான் முன்வைத்த கருத்துகளில் இவ்வளவு கவனமாகக் கேட்கப்பட்டது வேறெதுவும் இல்லை.

"பொம்பளைக்கா?" என்றாள் அக்கா. பிறகு, "படிச்சவன் நீ, தம்பி. படிச்ச மாதிரியே பேசறே," என்றாள்.

அவளிடம் இதற்குமேல் இரக்கம் எதிர்பார்க்கவில்லை. மகளிடம் எதிர்பார்த்தேன். என் மகளுக்குத் திருமணமாகவில்லை, என்னுடன்தான் இருக்கிறாள். கியாக்டடாவில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வருகிறாள். கோபம் வந்தால் பர்மிய மொழியிலும், என்மேல் பரிவு வந்தால் தமிழிலும் பேசுவாள். அன்று தமிழில் பேசினாள். இந்த மாதத்தில் வேண்டாம் அப்பா, என்றாள், மெதுவாக. முதியவர்களின் விருப்பங்களைப் பிள்ளைகள் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் உலகெங்கும் இருப்பதுதான் என்று எடுத்துக்கொண்டேன். அத்தைக்குப் பயப்படுகிறாள் என்றும் தீர்மானித்தேன். தீர்மானிப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு.

திதிக்கு ஆறு நாள் இருந்தது. அவளுடைய அலமாரியில் கடைசிப் புட்டி காலியாக இருந்தது. கடைகளில் விசாரித்தேன், அந்தப் பறவையை யாரும் அறிந்திருக்கவில்லை. அப்போதுதான் அவளுடைய கைபேசியை எடுத்தேன். எவரும் அழைக்காத அந்தக் கைபேசிக்கு நான் ஓராண்டாக மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தேன்; நம் நகரில் மின்சாரம் வரும் நேரங்களை எண்ணிப் பார்த்தால் அது எளிய பணியல்ல. விளம்பரம் இன்னும் அதில் இருந்தது. அந்த எண்ணுக்கு அழைத்தேன்.

எடுத்தவர் வியந்துபோனார். வெளிநாட்டுப் பயணிகளை ஒரு காலத்தில் கோயில் கோயிலாக அழைத்துச் சென்றவர். அவர்கள் வருவது நின்றதும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒயின் காட்டப் புறப்பட்டவர். மழைக்காலத்தில் யாரும் முன்பதிவு செய்வதில்லையாம். எத்தனை பேர் என்று கேட்டார். இருவர் என்றேன். விதி அப்படித்தானே சொல்கிறது.

காலியான புட்டியை ஒரு துண்டில் சுற்றி, தோள்பையில் வைத்தேன். மகளிடம், அம்மா கேட்டுக்கொண்டிருந்த ஊர்சுற்றலுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யல்ல. அவள் என் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

கார் சரியான நேரத்துக்கு வந்தது. ஓட்டுநரும் வழிகாட்டியும் அவரேதான்: நாற்பதைக் கடந்த மனிதர், இஸ்திரி போட்ட லுங்கி, மழையிலும் கறுப்புக் கண்ணாடி. எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டு, மறுபக்கக் கதவையும் திறந்து பிடித்தபடி மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆசிரியனை இங்கே ஸயா என்பார்கள். அவன் மனைவியை ஸயாகடோ என்பார்கள்.

"ஸயாகடோ வரலையா?"

வரவில்லை என்றேன்.

"உடம்பு ஏதும் சரியில்லையா, ஸயா?"

இப்போது எந்தக் குறையும் இல்லை என்றேன். அவர் திருப்தியுடன் கதவைச் சாத்தினார். அந்த இருக்கைக்கும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் ஈரத்துண்டும் வைத்திருந்தார். விலைக்குள் அடக்கம்.

ஷ்வேப்யிதா வழியாக வடக்கே போனோம். தொழிற்சாலைப் பேருந்துகளின் சன்னல்களில் தனக்கா மரச்சாந்து பூசிய கன்னங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அதைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் சீருடை அணிந்த ஒருவர் என் பையைத் திறக்கச் சொன்னார். துண்டை விரித்துப் புட்டியைப் பார்த்தார். காலையில் எட்டுகூட ஆகவில்லை, புட்டி காலி. என் நரைத்த தலையைப் பார்த்தார், மறுபடி புட்டியைப் பார்த்தார். பிறகு மிகுந்த அனுதாபத்துடன் அதைத் துண்டில் அவரே சுற்றிக் கொடுத்தார். அண்மைக்காலத்தில் அரசுத் தரப்பிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே அனுதாபம் அது.

முதல் தோட்டம் ஹ்மாபியைத் தாண்டி இருந்தது. பந்தல் போட்டு, கொடி ஏற்றி, நடுவே நடைபாதைக்குக் கல் பாவியிருந்தார்கள். வழிகாட்டி இந்த மண்ணின் குணத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கொடியில் கொத்துக் கொத்தாகத் திராட்சை தொங்கியது. அருகே போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக். புகைப்படம் எடுப்பவர்களுக்காகக் கட்டியிருக்கிறார்களாம். இந்த மழையில் இங்கே திராட்சை பழுக்குமா என்று கேட்டேன். பழுக்காது என்று தோட்டத்துப் பெண் மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். பழம் வறண்ட வடபகுதியிலிருந்து லாரியில் வருகிறது. அப்படியானால் இந்தக் கொடி எதற்கு என்று கேட்டேன். பழம் வந்து இறங்கும்போது அதற்கு அந்நியமாக இருக்கக் கூடாதல்லவா என்று வழிகாட்டி சொன்னார். சிரிக்காமல் சொன்னார். அவர்மேல் எனக்கு முதன்முறையாக மரியாதை ஏற்பட்டது.

பிறகு சுவைத்துப் பார்க்கும் சடங்கு. மேசையில் எனக்கு ஒரு கோப்பை, எதிரே ஆளில்லாத நாற்காலிக்கு ஒரு கோப்பை. இருவருக்கு என்று பதிவாகியிருந்ததால் தோட்டத்துப் பெண் இரண்டிலும் ஊற்றினாள். வழிகாட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தார்: கோப்பையைச் சுழற்ற வேண்டும், வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும், மூக்கை உள்ளே விட வேண்டும். அவருக்கு அதில் காட்டுப்பழமும் பழைய தோலும் ஈர வைக்கோலும் மணத்தன. எனக்கு எத்தில் அசிட்டேட் மணத்தது. நகச்சாயத்தை அழிக்கப் பெண்கள் பயன்படுத்துவது. சொல்லவில்லை. அருமை என்றேன். நான் தொடாத கோப்பையும் எதிர்க்கோப்பையும் மறுபடி புட்டிக்குள் ஊற்றப்பட்டன. அடுத்து வரும் ரசிகருக்கு வாழ்த்துகள்.

பறவை லேபிளைக் காட்டினேன். இது தங்களுடையதல்ல என்றாள். வழிகாட்டி கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது மூன்றாவது தோட்டத்துச் சரக்கு என்று உடனே சொன்னார். திதிக்கு ஐந்து நாள். ஒயின் கிடைத்துவிடும். அக்காவையும் மகளையும் எப்படி எதிர்கொள்வது என்ற வாசகங்களைக் காரிலேயே இயற்றத் தொடங்கினேன்.

இரண்டாவது தோட்டம் பூட்டியிருந்தது. பழைய அரிசி ஆலையொன்றை அன்னாசி ஒயின் ஆலையாக மாற்றியிருந்தார்கள். காவலாளி குடையின்கீழ் நின்றபடி, முதலாளி தியான மடத்துக்குப் போயிருக்கிறார், வா முடிந்துதான் வருவார் என்றார். வா என்பது பௌத்தர்களின் மழைக்கால விரதம். வாசோ பௌர்ணமியில் தொடங்கி மூன்று மாதம் கழித்துத் தடிஞ்சூட் விளக்குத் திருநாளில் முடிவது. ஒன்பது மாதம் ஊருக்கு மது ஊற்றிவிட்டு மூன்று மாதம் தாம் மட்டும் தெளிவது சிறந்த வணிகமுறை என்று சொன்னேன். வழிகாட்டியும் சிரிக்கவில்லை, காவலாளியும் சிரிக்கவில்லை. இரண்டு பர்மியர்கள் ஒரே நேரத்தில் சிரிக்காமல் இருந்தால் சொன்னவன் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். நான் காரில் ஏறினேன்.

மதிய உணவாகச் சாலையோரக் கடையில் சோறும் புளிச்சக்கீரைக் குழம்பும் கிடைத்தன. விளம்பரத்தில் இருந்த படத்தில் பாலாடைக்கட்டி இருந்தது. குழம்பு நன்றாக இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

மூன்றாவது இடத்தில் தோட்டம் என்று எதுவும் இல்லை. ஒரு மரவீடு, பின்புறம் தகரக் கொட்டகை, அதனுள் வரிசையாகப் பழுப்புப் பீங்கான் ஜாடிகள். வேலியோரம் மழையில் நனைந்த புளிச்சக்கீரைச் செடிகள். அந்தக் கீரைச் செடியின் சிவந்த காய்த்தோலை உலர்த்தி ஊறவைத்துத்தான் ஒயின் போடுகிறார்களாம். ஆக, பல ஆண்டுகளாக என் மனைவி சன்னலோரம் அமர்ந்து பருகிய மேல்நாட்டு நாகரிகம், எங்கள் வீட்டில் வாரம் இருமுறை குழம்பாகும் செடியிலிருந்து வந்தது. இதை அவள் இருக்கும்போது அறிந்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமான நகைச்சுவை கிடைத்திருக்கும்.

வீட்டுக்காரப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். கன்னத்தில் தனக்கா, கையில் சாயம் ஏறிய விரல்கள். பாயை விரித்து எங்களை உட்காரவைத்து, இரண்டு கோப்பைகளில் ஊற்றினார், தமக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. நான் துண்டைப் பிரித்துப் புட்டியை எடுத்து வைத்தேன். இதே சரக்கில் ஒரு புட்டி வேண்டும், இறந்த என் மனைவியின் ஆண்டு நினைவில் படைப்பதற்கு என்று சொன்னேன். மாலைக்குள் திரும்ப வேண்டும் என்றும் சொன்னேன், தேவையில்லாமல்.

வழிகாட்டி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நாள் முழுவதும் பக்கத்து இருக்கைக்குத் தண்ணீர்ப் புட்டி மாற்றிக்கொண்டிருந்தவர் அவர்.

பெண்மணி புட்டியை வாங்கி லேபிளைத் தடவினார். பிறகு மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். சுழற்றவில்லை, வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. கெட்டிலிலிருந்து சொட்டு வெந்நீர் உள்ளே விட்டு, உள்ளங்கையால் மூடி ஆட்டி, மறுபடி முகர்ந்தார்.

"லேபிள் எங்களுதுதான், ஸயா. உள்ள இருந்தது எங்களுது இல்லை."

பறவை லேபிள் ஒரே ஒரு வருடம்தான் அச்சடித்தார்களாம், கொரோனாக் காலத்துக்கு முன்னால். அச்சகம் மூடியபின் வெறும் புட்டிதான். இந்தப் புட்டி எத்தனையோ முறை கழுவப்பட்டிருக்கிறது, பாருங்கள் என்று காட்டினார். பறவையின் வால் வெளுத்திருந்தது. நான் பார்த்திராத வால்.

"நாங்க போடறது வெள்ளைச் சக்கரை. இதுல பனைவெல்லம். கிராம்பு ரெண்டோ மூணோ இருக்கு. அவசரமே இல்லாத கை," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஸயா வீட்டுல யார் போடறாங்க?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். முப்பத்துநான்கு ஆண்டுகளில் ஒரு வகுப்பறையிலும் நான் சொல்லாத சொல் அது. சமையலறை மூலையில் துணி மூடிய ஒரு ஜாடி ஆண்டுதோறும் மழைக்காலத்தில் இருந்தது எனக்குத் தெரியும். ஊறுகாய் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை அந்தப் பக்கம் புளித்த வாடை வருகிறதென்று சொல்லி, சாக்கடைக் குழாயைச் சரிபார்க்க ஆளைக் கூப்பிட்டேன். ஆள் வந்தான், குழாயைப் பார்த்தான், அவள் அவனுக்குத் தேநீர் கொடுத்தாள்.

பெண்மணி தாமாகவே பேசிக்கொண்டிருந்தார். வாசோவில் ஜாடியை மூடிவிட வேண்டும். மூன்று மாதம் நாமும் தொடுவதில்லை, அதையும் தொந்தரவு செய்வதில்லை. தடிஞ்சூட் விளக்கு ஏற்றியபின் திறந்தால் பதமாக இருக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றார். எல்லா வீட்டிலும் என்பதில் என் வீடும் அடங்கும் என்பதை அவர் அறியாமல் சொன்னார்.

அவருடைய ஒயினிலேயே ஒரு புட்டி கொடுக்கும்படி கேட்டேன். கொடுப்பேன், ஆனால் படைக்க வேண்டாம் என்றார்.

"இதக் கொண்டுபோய் வெச்சா அவங்க சிரிப்பாங்க, ஸயா. உயிரோட இருந்தப்ப ஒருக்க கூட்டியாந்திருக்கலாம். நான் கேட்டுக் கத்துக்கிட்டிருப்பேன்."

கார் திரும்பும்போது வழிகாட்டி மண்ணின் குணத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. மூன்று முறை அவள் கேட்டது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒயின் தோட்டம் பார்க்க அல்ல. தன்னுடையதைப் பையில் வைத்துக்கொண்டு போய், அந்தப் பாயில் அமர்ந்து, பறவை லேபிள்காரர் முன் ஊற்றி, என்ன சொல்கிறார் என்று பார்க்க. பக்கத்தில் நான் இருக்கும்போது பார்க்க. இதை அவள் விளக்கிச் சொல்லியிருந்தால் நான் நிச்சயம் வந்திருப்பேன் என்று எழுத விரும்புகிறேன். ஆனால் இன்னும் நல்லதொரு நகைச்சுவை செய்திருப்பேன் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

வீடு சேர்ந்தபோது மின்சாரம் இல்லை. மூன்று மாடி ஏறினேன். மகள் அலுவலகத்திலிருந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். புட்டியை மேசைமேல் வைத்தேன்.

"ஜாடி எங்கே?" என்றேன்.

எந்த ஜாடி என்று அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அரிசி டப்பாவை நகர்த்தி, அதன் பின்னாலிருந்து மெல்ல இழுத்தாள். அவளுடைய அம்மாவின் பழைய லுங்கி அதைச் சுற்றிக் கட்டியிருந்தது. கைபேசி வெளிச்சத்தில் மூடியைப் பார்த்தேன். துளையிட்ட ரப்பர் அடைப்பான். அதில் செருகிய வளைந்த கண்ணாடிக் குழாய். குழாயின் மறுமுனை சிறு மருந்துக் கோப்பைத் தண்ணீரில் மூழ்கியிருந்தது. உள்ளிருந்து வாயு வெளியேறலாம், வெளிக்காற்று உள்ளே போக முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை நான் கரும்பலகையில் வரைந்த அதே படம். அந்த அடைப்பானும் குழாயும் ஓய்வுபெற்றபோது நான் வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியில் இருந்தவை. அவை காணாமற்போனதற்காக, அந்தப் பெட்டியைக் கட்டித்தந்த ஆய்வக உதவியாளரைப் பல ஆண்டுகள் மனத்துக்குள் நாகரிகமாகச் சந்தேகித்து வந்தேன். மறுநாள் பாடத்தை நான் வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். கொட்டாவி விடாமல் கேட்ட மாணவி ஒருத்தி இருந்திருக்கிறாள்.

சென்ற ஆண்டு வாசோவில் அவள் மூடிய ஜாடி அது. தடிஞ்சூட்டுக்கு அவள் இல்லை, ஆகவே திறக்கப்படவில்லை. ஓராண்டில் அந்தக் கோப்பைத் தண்ணீர் வற்றியிருக்க வேண்டுமே என்றேன்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ஊத்தணும்னு அம்மா சொல்லியிருந்தாங்க," என்றாள் மகள். "ஊத்திட்டிருக்கேன்."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

"ஒளிச்சு வெக்கலைப்பா. இங்கேயேதான இருந்துச்சு. அப்பா கேட்டா சொல்லுன்னாங்க அம்மா. நீங்க கேக்கலை."

திதிக்கு இதையாவது வைக்கலாமல்லவா என்றேன். அவள் லுங்கியின் முடிச்சை மறுபடி கட்டினாள்.

"வா மாசத்துல அம்மா தொட மாட்டாங்களேப்பா."

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் ஒரே ஆணியில் தொங்குகின்றன. தமிழ் நாட்காட்டியில் நான் திதி கணித்தேன். அதன் அடியில் தொங்கும் பர்மிய நாட்காட்டியில் அவள் விரதம் காத்தாள். ஆவணித் திதி எந்த ஆண்டும் வா மாதங்களுக்குள்தான் விழும் என்பதைக் கண்டுபிடிக்க உயர்கல்வி தேவையில்லை. மேலே இருக்கும் தாளைத் தூக்கிப் பார்த்தால் போதும். மழைக்காலச் சனிக்கிழமைகளில் சன்னலோரம் கோப்பை இல்லாததை நான் கவனித்ததே இல்லை. அக்காவின் ஒழுங்கை எதிர்த்து என் மனைவிக்கு நியாயம் வாங்கித்தரப் புறப்பட்டவன், விரதமிருப்பவளின் இலையில் மதுவை வைக்க இருந்தேன். மகள் சொன்ன 'இந்த மாதம்' இதுதான்.

திதியன்று ஜாடியை மூடியபடியே இலைக்கருகில் வைத்தோம். புடவை, பூ, அவள் விரும்பிய வறுத்த அவரைப் பருப்பு. தவிர்க்க முடியாத கேசரி. அக்கா உள்ளே வந்ததும் அவள் கண் நேரே ஜாடிக்குப் போனது.

"இது என்ன?"

மகள் வாய் திறந்தாள். அதற்குள் நான் சொன்னேன்: "அவ போட்டது, அக்கா. இன்னும் ஆகலை."

அக்கா அதை ஊறுகாய் என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் பரம்பரையில் அந்தத் தவற்றைச் செய்யும் உரிமை எனக்கு மட்டுமே உரியதல்ல. நல்ல கைப்பக்குவம் அவளுக்கு என்று சொல்லி, தான் கொண்டுவந்த மாலையிலிருந்து ஒரு துண்டு மல்லிகையைக் கிள்ளி ஜாடியின் கழுத்தில் சுற்றினாள். நான் நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்.

தடிஞ்சூட்டுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது ஒயினா காடியா என்பது எனக்குத் தெரியாது. அடைப்பானைத் தளர்த்தி ஒருமுறை முகர்ந்தால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம். அதற்குத்தான் முப்பத்துநான்கு ஆண்டுகள் சம்பளம் வாங்கினேன். முகரவில்லை. போன சனிக்கிழமை கோப்பைக்குத் தண்ணீரை நான் ஊற்றுகிறேன் என்றேன். மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவ்வளவு வேண்டாம் அப்பா, அம்மா பாதிதான் ஊத்துவாங்க என்றாள். பாதியைத் திருப்பிக் கொட்டினேன்.